கிண்டியில் ஓர் உயர் அழுத்தக் கமிஷனிங் பயிற்சி: அணுமின் பணிக்குப் போகிறவர்களுக்கு இது போதுமா?

கிண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி மையம், அணுமின் நிலையங்களில் உயர் அழுத்த மின் அமைப்புகளைப் பாதுகாப்பாகக் கமிஷனிங் செய்வது (புதிதாக அமைத்ததைச் சோதித்து, முதன்முறை மின்சாரம் கொடுத்து இயக்கத்துக்குக் கொண்டுவருவது) பற்றி ஒரு வாரப் பயிற்சி வகுப்பை நடத்துகிறது. கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் ஆட்களை அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களின் பொறியாளர்களையும் டெக்னீஷியன்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட வகுப்பு இது. அனல்மின் நிலையங்களிலும் துணைமின் நிலையங்களிலும் வேலை பார்த்துவிட்டு அணுமின் பணிக்கு மாறவிருந்த நிலையில் நான் இதில் சேர்ந்தேன். ஆய்வுக்கூடமும் பெர்மிட் (வேலை தொடங்க எழுத்தில் தரும் பாதுகாப்பு அனுமதி) பயிற்சியும் அடங்கிய முதல் பாதி, சென்னையில் நான் பார்த்த மின்பாதுகாப்புப் பயிற்சிகளிலேயே சிறந்தது. விளம்பரத்தில் உள்ள ‘அணுமின்’ என்ற சொல்லுக்கு நியாயம் செய்ய வேண்டிய இரண்டாம் பாதியோ, எதிர்பார்த்ததைவிட மிகவும் மெலிந்தது. குறைகளையும் சேர்த்துச் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே மாதிரியான பாடத்திட்டத்தோடு யார் நடத்தும் வகுப்பில் சேர்ந்தாலும், சேரும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்படும்.

இப்படியொரு வகுப்புக்குச் சென்னையில் தேவை இருக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அதே வளாகத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் 2024 மார்ச்சில் உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி (கோர் லோடிங்) தொடங்கியது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அலகுகள் இரண்டு இயங்க, மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. இந்தப் பணியிடங்களுக்குப் போகும் டெஸ்டிங் குழுக்களில் பல அம்பத்தூரிலும் கிண்டியிலும் அலுவலகம் வைத்திருப்பவை. அங்கே ஒருவர் வேலை கற்றுக்கொள்வது பெரும்பாலும் மூத்தவர் கையைப் பார்த்துத்தான். மூத்தவர் சரியாகச் செய்தால் இளையவரும் சரியாகச் செய்வார்; மூத்தவரிடம் ஒரு குறுக்குவழி இருந்தால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். குறுக்குவழிகளை வெட்டிவிடுவதுதான் இத்தகைய பயிற்சியின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டால், அந்த அளவுகோலில் இம்மையம் நல்ல மதிப்பெண் பெறுகிறது.

ஆய்வுக்கூடம் உண்மையான கருவிகளால் ஆனது. வேக்குவம் பிரேக்கர் (மின்சுற்றை வெற்றிடத்துக்குள் துண்டிக்கும் சுவிட்ச்) டிராலிகளுடன் வரிசையாக நிற்கும் 6.6 கிலோவோல்ட் பேனல்கள், ஒரு சிறிய எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர், இரு முனைகளிலும் டெர்மினேஷன் செய்யப்பட்ட எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள், கழற்றிப் பார்க்க வசதியான ஓர் உயர் அழுத்த மோட்டார் ஆகியவை இருக்கின்றன. பெரும்பாலான மையங்கள் படத்தைத் திரையில் காட்டி முடித்துவிடும் இடத்தில், இங்கே பிரேக்கரை நாமே வெளியே இழுத்து, ஷட்டர் தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்து, எர்த் சுவிட்சைப் போட்டு, இன்டர்லாக்கை மீற முயன்று, அது மீற விடாமல் தடுப்பதைக் கையாலேயே உணர முடிகிறது. முதல் அமர்வில் எந்தக் கருவியையும் தொட விடுவதில்லை. ஒற்றைக்கோட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு பிரேக்கரையும் ஐசோலேட்டரையும் (சுமை இல்லாதபோது மட்டும் திறக்க வேண்டிய பிரிப்பான்) நேரில் போய்ப் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டு டிக் செய்யச் சொல்கிறார்கள். பயிற்சிக்காக வேண்டுமென்றே ஒரு பேனலின் முன்பக்கப் பலகையையும் பின்பக்கப் பலகையையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் குழுவில் மிகச் சிலரே.

மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் பயிற்சியில் ஆசிரியர் காட்டிய கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. டிடெக்டரை முதலில் உயிருள்ள ஒன்றில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் மூன்று ஃபேஸ்களிலும் பார்க்க வேண்டும், பிறகு மறுபடியும் உயிருள்ளதில் வைத்து டிடெக்டர் நடுவே செத்துப்போகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வந்த ஓர் இளைஞரிடம் ஆசிரியர், “டெட்னு யாருப்பா சொன்னது?” என்று கேட்டார். “ஃபோர்மேன் சொன்னாரு சார்” என்றார் அவர். “அவர் சொல்லட்டும், நீ டிடெக்டரை வெச்சுப் பாத்தியா?” என்று கேட்டுவிட்டு, முழு வரிசையையும் முதலிலிருந்து செய்ய வைத்தார். அதட்டலும் இல்லை, கேலியும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எவரும் ஒரு படியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கேபிள் சோதனைப் பகுதி விரிவானது, விரிவாக இருக்க வேண்டியதும் அதுவே. பழைய காகித இன்சுலேஷன் கேபிள்களுக்குப் பழகிய டி.சி. உயர் அழுத்தச் சோதனையை எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் செய்தால் இன்சுலேஷனுக்குள் மின்னூட்டம் தங்கி, சோதனையில் தேறிய கேபிள் பிறகு சார்ஜ் செய்யும்போது, அதாவது மின்சாரம் கொடுக்கும்போது, பழுதாக வாய்ப்புண்டு. ஆகவே 0.1 ஹெர்ட்ஸ் என்ற மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மாறுமின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் முறையைக் கற்றுத்தருகிறார்கள். 3.8/6.6 கிலோவோல்ட் தரக் கேபிளுக்கு ஃபேஸ் அழுத்தத்தின் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 11.4 கிலோவோல்ட், 15 நிமிடம் தாங்க வேண்டும். இது எல்லாப் புத்தகத்திலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாகக் கிடைப்பது சோதனை முடிந்த பிறகான பாடம். கேபிள் ஒரு நீண்ட மின்தேக்கி. டிஸ்சார்ஜ் ராடை ஒருமுறை தொட்டு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக, மெக்கர் (இன்சுலேஷன் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துச் சார்ஜ் ஏற்றிய கேபிளை ஒருமுறை டிஸ்சார்ஜ் செய்து, எர்த்தை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அளந்து காட்டினார்கள். இன்சுலேஷன் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து, மீட்டரில் அழுத்தம் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. மின்தடை உள்ள ராடு வழியாக முதலில் இறக்கி, பிறகு நேரடி எர்த் போட்டு, அடுத்த வேலை வரை அந்த எர்த்தை எடுக்காமல் விடுவது ஏன் என்பதை இதற்கு மேல் தெளிவாக விளக்க முடியாது.

அதேபோல் மனத்தில் தங்கியது வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிய செயல்விளக்கம். 6600-க்கு 110 என்ற விகிதம் கொண்ட அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தில் ரிலேவை (பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க வைக்கும் பாதுகாப்புக் கருவி) சோதிக்கிறோம் என்று 110 வோல்ட் கொடுக்கும்போது, ஃபியூஸை எடுத்தோ இணைப்பைத் துண்டித்தோ வைக்காவிட்டால், முதன்மைப் பக்கத்தில் முழு 6.6 கிலோவோல்ட்டும் எழும்பும். பேனல்களுக்குப் பொதுவான மின்கடத்தியான பஸ்பாரில் கைவைத்துத் துடைத்துக்கொண்டிருப்பவருக்குப் பிரேக்கர்கள் எல்லாம் வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியும். பக்கத்துப் பேனலில் ஒருவர் ரிலேவுக்கு மின்சாரம் ஊட்டுவது தெரியாது. ஒரு சிறிய மாதிரியில், குறைந்த அழுத்தத்தில், விளக்கு எரிவதைக் காட்டி இதை விளக்கினார்கள். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்தால் வரும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

வேக்குவம் பிரேக்கரின் இடைவெளியில் உயர் அழுத்தத் தாங்குசோதனை செய்யும்போது எக்ஸ் கதிர் வெளிப்பட வாய்ப்புண்டு என்பதையும், ஆகவே பேனல் கதவுகளை மூடி, விலகி நிற்க வேண்டும் என்பதையும் இங்கேதான் முறையாகச் சொல்லக் கேட்டேன். 7.2 கிலோவோல்ட் தரப் பேனலுக்குத் தொழிற்சாலையில் 20 கிலோவோல்ட், பணியிடத்தில் அதில் 80 விழுக்காடான 16 கிலோவோல்ட் என்று அழுத்தக் கணக்கைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், எங்கே நிற்க வேண்டும் என்பதை வைத்திருப்பதில்லை. அணு உலை வேலைக்கு வந்தவர்களுக்கு உலைக்கு வெளியிலிருந்து வரும் கதிரைப் பற்றிய எச்சரிக்கை என்பதால் வகுப்பில் சிரிப்பும் எழுந்தது.

ஆர்க் ஃபிளாஷ் (பழுதின்போது எழும் மின்பொறி வெடிப்பு) பகுதி சுமார். தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படச் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி போதும் என்ற அடிப்படையில் தொடங்கி, 40 கலோரி உடுப்பை அணிந்துகொண்டு பிரேக்கரை உள்ளே தள்ள வைக்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், சென்னையின் வெயிலில், தலைமூடியோடு அதை அணிந்தவர்களுக்கு, பணியிடத்தில் இதை ஏன் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்பது புரிந்திருக்கும். ஆனால் அதைத் தவிர்ப்பதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: பிரேக்கரைத் தூரத்திலிருந்து இயக்குவதும், கதவை மூடியபடி உள்ளே தள்ளும் அமைப்பும், பழுதை விரைவாகத் துண்டிக்கும் ஆர்க் உணர் ரிலேவும். உடுப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இனி, இந்த வகுப்பில் எதற்காகப் பணம் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால் நான் சுட்டிக்காட்டும் பகுதிக்கு வருகிறேன். பேனல் வரிசையை நடுவில் உள்ள பஸ் கப்ளரில் (இரு பாதிகளையும் இணைக்கும் பிரேக்கர்) இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் சார்ஜ் ஆகி இயக்கப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, வலப்பக்கம் இன்னும் கட்டுமானப் பிரிவிடம் உள்ளது என்று வைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் ஷிப்ட் இன்ஜினீயர், ஒருவர் கமிஷனிங் இன்ஜினீயர், ஒருவர் ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர், மற்றவர்கள் மோட்டார் முனையில் கேபிள் இணைப்பு வேலை செய்யும் ஆட்கள். கொடுக்கப்படும் வேலை எளிமையாகத்தான் தோன்றும்: வலப்பக்கத்து ஃபீடர் ஒன்றின் கேபிளுக்கு உயர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

அந்த எளிமைக்குள் எத்தனை பொறிகள் இருக்கின்றன என்பது செய்யும்போதுதான் தெரிகிறது. கேபிளின் மறுமுனையில் வேலை செய்கிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெர்மிட் இருக்கிறது. அந்தப் பெர்மிட்டின் பாதுகாப்பே கேபிளில் போடப்பட்ட எர்த்தான். சோதனைக்கோ அந்த எர்த்தை எடுத்தாக வேண்டும். ஒரே கருவியின் மேல் வேலைக்கான பெர்மிட்டும் சோதனைக்கான அனுமதியும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. முதலில் அவர்களை வெளியேற்றி, கையெழுத்து வாங்கி, பெர்மிட்டை ரத்து செய்து, அவரவர் பூட்டை அவரவரே பெட்டியிலிருந்து எடுக்கச் செய்து, பிறகு சோதனைக்கான தனி அனுமதி பெற்று, இரு முனைகளிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்தி, அதன் பின்னரே எர்த்தை எடுக்கலாம். எங்கள் குழுவில் சூப்பர்வைசராக இருந்தவர், “ஆளுங்க எல்லாம் சாப்பிடப் போயிருக்காங்க, நானே எடுத்துக் கொடுத்துடறேன் அண்ணே” என்று அடுத்தவர் பூட்டுக்கு மாற்றுச் சாவி கேட்டார். பயிற்சி அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. அவர் மீது எவருக்கும் கோபம் வரவில்லை. பணியிடத்தில் அன்றாடம் நடப்பதைத்தான் அவர் செய்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மின்வாரிய வழக்கத்தில் வளர்ந்தவர்கள் எல்.சி. என்று சொல்லும் லைன் கிளியரைத் தொலைபேசியில் வாங்கித் தொலைபேசியிலேயே திருப்பிக் கொடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்கு இந்தத் தாள், பூட்டு, கையெழுத்து எல்லாம் முதலில் சுணக்கமாகவே தோன்றும்.

கமிஷனிங்கின் ஆபத்து சோதனைக் கருவியில் இருப்பதைவிட இந்த எல்லைக்கோட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. இயங்கும் நிலையத்தில் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கட்டுமானத்தில் எல்லாம் செத்துக் கிடக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கமிஷனிங்கில் மட்டும் ஒரே அறையில் இரண்டு நம்பிக்கைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன, கோடும் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்று வரை பேனலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்ட பெயின்டருக்கு, இன்று மாலை 4 மணிக்கு அது சார்ஜ் ஆகப்போகிறது என்று யார் சொன்னார்கள்? சார்ஜ் செய்யும் நாளையும் நேரத்தையும் பணியிடத்தில் உள்ள அத்தனை ஒப்பந்ததாரர்களுக்கும் எழுத்தில் தெரிவித்து, பலகை வைத்து, வேலி கட்டி, அந்த நிமிடத்திலிருந்து சாவி யாரிடம் போகிறது என்று பதிவு செய்வதைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். பேனல் முழுதும் செத்திருந்தாலும், ஈரம் தங்காமல் இருக்க வைக்கும் ஸ்பேஸ் ஹீட்டருக்கு வெளியிலிருந்து 240 வோல்ட் வந்துகொண்டிருக்கும் என்பதையும், கட்டுமானத்துக்காக வைத்த தற்காலிக ஜெனரேட்டர் எந்த வழியாகத் திரும்ப ஊட்டக்கூடும் என்பதையும் வரைபடத்தில் தேடச் சொன்னது நல்ல பயிற்சி. தற்காலிக ஜம்பர்களுக்கு (சோதனைக்காகப் போடும் இணைப்புக் கம்பிகள்) ஒரு பதிவேடு, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட சீட்டு, சோதனை முடிந்ததும் எடுத்ததற்கு வேறொருவர் கையெழுத்து என்பதையும் இதோடு சேர்த்தே கற்றுத்தருகிறார்கள்.

சட்டப் பகுதி மிகச் சுருக்கம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், சார்ஜ் செய்யும் முன் மின் ஆய்வாளரின் ஒப்புதல் என்று ஓட்டமாகச் சொல்லி முடித்தார்கள். அதற்கு அதுவே போதும்.

குறைகள் அணுமின் பகுதியில் தொடங்குகின்றன. முதலில், அதற்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பங்கு கதிர்வீச்சு, டோசிமீட்டர் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் கருவி), உடுப்பு மாற்றும் அறை ஆகியவற்றுக்கே போய்விட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் நிலையத்தில் பழைய பேனலை மாற்றப் போகிறவர்களுக்கு அது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் புதிய அலகில் உயர் அழுத்த மின் அமைப்பு சார்ஜ் ஆவது, எரிபொருள் உலைக்குள் போவதற்கு வெகு முன்பே. மின்சாரம் இல்லாமல் பம்பு ஓடாது, பம்பு ஓடாமல் மற்ற அமைப்புகளைச் சோதிக்க முடியாது. ஆகவே மின் கமிஷனிங்தான் வரிசையில் முதலில் நிற்கும். அந்தக் கட்டத்தில் அங்கே வேலை செய்பவரை அச்சுறுத்துவது கதிர்வீச்சை விட 6.6 கிலோவோல்ட்தான்.

இரண்டாவது, அணுமின் நிலையத்தின் மின்சாரம் எதனால் வேறுபட்டது என்பதை ஒரே ஒரு படத்தில் காட்டிவிட்டுக் கடந்தார்கள். நம் நாட்டுக் கனநீர் உலைகளில் மின்வழங்கல் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கிரிட்டிலிருந்தும் நிலையத்தின் சொந்த ஜெனரேட்டரிலிருந்தும் வருவது நான்காம் வகுப்பு. அது போனால் டீசல் ஜெனரேட்டர்கள் ஊட்டுவது மூன்றாம் வகுப்பு. இடைவெளியே இல்லாமல் இருக்க வேண்டிய மாறுமின்சாரம் இரண்டாம் வகுப்பு. பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் முதல் வகுப்பு. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும் என்பதால், அனல்மின் நிலையத்தைப் போல ‘டிரிப் ஆனால் நின்றுவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நிம்மதி இங்கே கிடையாது. எனவே கமிஷனிங் குழு நிரூபிக்க வேண்டியது இரண்டு: மின்சாரம் வருகிறது என்பது, வராமல் போகும்போது என்ன நடக்கிறது என்பது. நான்காம் வகுப்பை வேண்டுமென்றே துண்டித்து, டீசல்கள் தாமாகக் கிளம்பி, சுமைகள் வரிசைப்படி ஏறுகின்றனவா என்று பார்க்கும் ஒருங்கிணைந்த சோதனைதான் அணுமின் மின் கமிஷனிங்கின் உச்சம். அந்தச் சோதனையை எப்படித் திட்டமிடுவது, எந்த அளவுகளைப் பதிவு செய்வது, நடுவில் ஒன்று தவறினால் எந்த நிலைக்குத் திரும்புவது என்பதற்கு வகுப்பில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

மூன்றாவது, உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் விடுபட்டிருக்கின்றன. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் 2006 ஜூலை 25 அன்று, வெளியே 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் சுமையோடு ஓர் ஐசோலேட்டர் திறக்கப்பட்டு ஆர்க் எழுந்து, இரண்டு ஃபேஸ்களுக்கிடையே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்த அழுத்த ஏற்ற இறக்கத்தில் நான்கு தடையில்லா மின்வழங்கிகளில் இரண்டு செயலிழந்தன. அவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் ஓடியும், தம் பஸ்பாரோடு இணையவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கையால் இணைக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இதில் கமிஷனிங் செய்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய ஒரு விவரம் உண்டு. முந்தைய ஆண்டு புதிதாக மாற்றப்பட்ட குறை அதிர்வெண் பாதுகாப்பு ரிலேக்கள், ஃபேஸ் வரிசை மாறி இணைக்கப்பட்டிருந்ததால் இயங்க வேண்டிய நேரத்தில் இயங்கவில்லை. பொருத்தியபோது செய்த சோதனை அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தில் சோதனைப் பெட்டியிலிருந்து நாமே சரியான வரிசையில் ஊட்டிப் பார்த்தால் ரிலே சரியாகத்தான் இயங்கும். நிலையத்தின் உண்மையான மின்சாரம் எந்த வரிசையில் வந்து சேர்கிறது என்பதை முதன்மைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். செகண்டரி இன்ஜெக்‌ஷனுக்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷனுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கரும்பலகையில் விளக்கினார்கள். இந்த நிகழ்வைச் சொல்லியிருந்தால் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் பைரன் நிலையத்தில் 2012 ஜனவரி 30 அன்று சுவிட்ச்யார்டில் ஓர் இன்சுலேட்டர் உடைந்து ஒரு ஃபேஸ் மட்டும் போனது. மின்னழுத்தக் குறைவு ரிலேக்களின் தர்க்கம் அதைப் பழுதாகவே பார்க்கவில்லை. சமநிலை குலைந்த மின்சாரத்தில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக டிரிப் ஆக, ஆபரேட்டர்கள் நிலைமையைக் கண்டுபிடித்துத் தாங்களே பிரேக்கரைத் திறக்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆயிற்று. மூன்று ஃபேஸும் ஒன்றாகப் போவதை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையும் நம் பழக்கத்துக்கு இது நேரடியான எச்சரிக்கை.

நம் ஊர்க் கதையையே விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் பிளேடுகள் முறிந்து, ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றி, கேபிள்கள் எரிந்து, நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தியும் குளிர்வித்தும் காத்தது அங்கிருந்த ஆட்களின் துணிவும், டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளும்தான். ஒன்றுக்கு மாற்றாக இருக்க வேண்டிய கேபிள்கள் ஒரே பாதையில் போகின்றனவா, சுவர்த் துளைகளில் தீத்தடுப்பு அடைப்பு இருக்கிறதா, கடைசி நிமிடத்தில் இழுத்த ஒரு கேபிளுக்காக உடைத்த அடைப்பை யாராவது திரும்ப மூடினார்களா என்று நடந்து போய்ப் பார்ப்பது மெக்கர் வைப்பதற்கு நிகரான கமிஷனிங் வேலை. ஆய்வுக்கூடத்திலேயே ஒரு கேபிள் டிரேயும் ஒரு சுவர்த் துளையும் இருக்கின்றன. பயிற்சியாக்க ஒரு மணி நேரம் போதும்.

கடலோர உப்பும் அப்படியே விடுபட்டது. கல்பாக்கம், கூடங்குளம் இரண்டும் கடலை ஒட்டியவை. தைவானின் மான்ஷான் நிலையம் 2001 மார்ச்சில் வெளி மின்சாரத்தை இழந்ததற்கு 345 கிலோவோல்ட் பாதைகளின் இன்சுலேட்டர்களில் படிந்த கடல் உப்புதான் தொடக்கம். உள்ளே ஒரு பேனல் பழுதும் டீசல் பழுதும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 2 மணி நேரம் பாதுகாப்புக்கான மாறுமின்சாரமே இல்லாமல் போனது. ஈரப்பதத்தைப் பற்றிப் பேசியது மட்டும் ஆறுதல். ஐப்பசி கார்த்திகை மழையில் மோட்டாரின் இன்சுலேஷன் மின்தடை சரிந்துவிடும் என்பதால், பத்தாம் நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்துக் கிடைக்கும் போலரைசேஷன் இன்டெக்ஸைப் பார்க்க வேண்டும், அது 2-க்குக் கீழே இருந்தால் உலர்த்தாமல் சார்ஜ் செய்யக் கூடாது என்று சொன்னார்கள். மோட்டார் பணியிடத்துக்கு வந்து இறங்கிய அன்றே ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி வராது என்ற ஆசிரியரின் குறிப்பு அனுபவத்திலிருந்து வந்தது.

ஆவணங்கள் விஷயத்திலும் பாதிதான் நிறைவு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இடத்தேர்வு, கட்டுமானம், கமிஷனிங், இயக்கம் என்று கட்டம் கட்டமாக ஒப்புதல் தருகிறது. கமிஷனிங்கின் உள்ளேயும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. முந்தையதன் முடிவுகளை ஆய்வு செய்யாமல் அடுத்ததற்குப் போக முடியாது. இதன் நடைமுறைப் பொருள், சோதனை முறை முன்கூட்டியே எழுதப்பட்டு, ஏற்கத்தக்க அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. அனல்மின் பணியில் ரிலே செட்டிங் பொருந்தாவிட்டால் வடிவமைப்பாளருக்கு ஒரு போன் போட்டு அங்கேயே மாற்றிவிடுவோம். இங்கே அது ஒரு விலகலாகப் பதிவாகி, ஒப்புதல் பெற்று, மறுசோதனை செய்யப்பட்ட பிறகே நகரும். கையேட்டில் ஒரு மாதிரிச் சோதனை முறை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதை நிரப்பிப் பார்க்கும் பயிற்சி இல்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் ஓர் இளம் பொறியாளரின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குவதால், நிறுவனம் செலுத்தினால் ஒழியச் சொந்தப் பணத்தில் சேர்வது கடினம். கிண்டி ரயில் நிலையத்திலிருந்தும் மெட்ரோவிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் எளிதாக வந்துவிடலாம். மதியச் சாப்பாடு மையத்திலேயே உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் இருவரும் தமிழில் சரளமாக விளக்குகிறார்கள், ஆனால் கையேடும் பெர்மிட் படிவமும் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. பெர்மிட்டில் கையெழுத்திடுகிறவர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, மதியம் டெக்னீஷியன்களிடம் அந்தப் படிவத்தை நீட்டியது முரணாகத் தெரிந்தது. இதை நான் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த குழுவுக்கு இருமொழிப் படிவம் தருவதாகச் சொன்னார்கள்.

டெக்னீஷியன்கள், புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், பெர்மிட் பெற்று வேலை செய்யப்போகிற சூப்பர்வைசர்கள் ஆகியோரைத் தயங்காமல் இங்கே அனுப்பலாம். ஒருங்கிணைந்த சோதனைகளைத் திட்டமிடப்போகிற மூத்த பொறியாளர்களுக்கு இந்த வகுப்பு போதாது; அவர்கள் முதல் பாதிக்கு மட்டும் தனியாகச் சேர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், மையம் சில நிறுவனங்களுக்கு அப்படி ஏற்பாடு செய்து தந்திருக்கிறது. சேரும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: குழுவில் எத்தனை பேர் என்பது. எல்லைக்கோட்டுப் பயிற்சியில் இருக்கும் பாத்திரங்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது, அதற்கு மேல் சேர்த்தால் மீதிப் பேர் சுவரோரம் நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள்.